ஆறரை மணித் தீர்த்தம்

இன்னும் நாலு பேர். நாலு பேர் பேசி முடித்ததும் என் வீட்டுக்காரர் அந்த மேடையில் ஏறி, ஏழு மாதமாக ஒரு மாத்திரைகூடப் போடாமல் தன் பிரஷர் சரியாகிவிட்டது என்று முந்நூறு பேர் முன்னால் சாட்சி சொல்லப்போகிறார். பொய் சொல்லப்போகிறார். பொய் என்று அவருக்குத் தெரியாது, பாவம். எனக்குத் தெரியும். அந்த மாத்திரையைத் தினமும் காலையில் ஏலக்காய் இடிக்கிற குட்டி உரலில் போட்டுப் பொடித்து, ஆறரை மணிக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற துளசித் தீர்த்தத்தில் கலக்கிக் கொடுப்பவள் நான்தான். ஆக, அற்புதம் செய்தது நான். மாலை விழுவது மேடையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஐயனுக்கு. விழட்டும், எனக்கு மாலை அரிக்கும். இந்த பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் ஒட்டுகிறது. தலைக்கு மேலே விசிறி டக் டக்கென்று சுற்றுகிறது, சுற்றுகிறதே ஒழியக் காற்று என்று ஒன்றும் இல்லை. நேற்று இந்த உறையூர் மண்டபத்தில் ஏதோ கல்யாணம் போல. மேடையின் பின்சுவரில் தெர்மாகோல் எழுத்தை உரித்தெடுத்த தடம் இருக்கிறது, மாப்பிள்ளை பெயர் 'ஷ்'ஷில் முடிகிறது, இப்போது எல்லா மாப்பிள்ளையும் 'ஷ்'தான். மேடைக்குக் கீழே பித்தளை அண்டா. நேற்று அதில் பாயசம் இருந்திருக்கும். இன்று மாத்திரை விழும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குச் சுமை இறக்கும் ஞாயிறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாட்சிகள் பேசி முடித்ததும் பக்தர்கள் வரிசையாக வந்து, அவரவர் மருந்தை அண்டாவில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் சுமை கூடவே வந்துவிடுமாம். என் பக்கத்து நாற்காலியில் செண்பகா, எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மடியில் அவளுடைய எட்டு வயது மிருதுளா. கால் தரையில் இடிக்கிற வயதிலும் அதை மடியில்தான் வைத்துக்கொள்வாள், வலிப்பு வந்த பிள்ளை என்பதால். கைப்பை வாய் திறந்திருக்கிறது, உள்ளே அந்த வலிப்பு மருந்து பாட்டில், மூடி ஓரத்தில் சிவப்பாகக் கசிந்து காய்ந்த சிரப். வந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அங்கிள் பேசி முடிச்சதும் நாங்களும் இறக்கிடப் போறோம் ஆன்ட்டி. அங்கிளைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு." அவள் கை சில்லென்று இருந்தது. என் கை அதைவிட.

ஏழாவது சாட்சி ஒரு ரிட்டயர்டு தாசில்தார், மூட்டு வலியைப் பற்றிச் சொல்கிறார். முட்டியைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். காட்டட்டும், மூட்டு வலியால் யாரும் சாகப்போவதில்லை. என் வீட்டுக்காரர் மேடையின் ஓரத்தில், ஒயர்களுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். கையில் லேப் ரிப்போர்ட். அதை நாலாக மடித்து, விரித்து, திரும்ப மடிக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் இருந்த மனுஷன். கம்பத்தில் ஏறுகிறவன் கையுறை போடாவிட்டால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார், "உன் பெண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்று. வீட்டில் கிரைண்டர் ஷாக் அடித்தது என்று நான் சொன்னால்கூட டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். அப்படிப்பட்டவர். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் குளித்து, சட்டை போட்டு, பாக்கெட்டில் பேனா குத்தி, ஹாலில் உட்கார்ந்தார். போன் அடிக்கவில்லை. அதற்கு முந்தின நாள் வரைக்கும் புயல் என்றால் போன், கல்யாணம் என்றால் போன், மந்திரி வருகிறார் என்றால் போன். அன்றைக்கு அடிக்கவே இல்லை. சாயங்காலம் போனைக் கையில் எடுத்து, டவர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன்? "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு வெங்காயமாவது உரிச்சுக் குடுங்க." சொன்னேன், சொல்லாமல் என்ன. என் வாய் அப்படி. ஐயன் என்ன சொன்னார் தெரியுமா? முதல் நாளே, யாரோ கூட்டிப்போன முதல் நாளே, பிரார்த்தனை ஹாலில் ஒரு டியூப் லைட் விட்டு விட்டு எரிவதைப் பார்த்து இவர் நாற்காலி போட்டு ஏறிச் சரி பண்ணியிருக்கிறார். ஐயன் எழுந்து வந்து, "இத்தனை நாள் இங்க வெளிச்சம் இல்ல, நீங்க வரணும்னு இந்த இடம் காத்திருந்துச்சு" என்றாராம். அதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரருக்குக் குரல் உடைந்தது. முப்பது வருஷத்தில் அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. நான் வெங்காயம் கொடுத்த இடத்தில் அவர் வெளிச்சம் கொடுத்துவிட்டார். இதில் யார்மேல் கோபப்படுவது. ஆனாலும் படுகிறேன்.

எட்டாவது சாட்சி, ஒரு பெண், ஒற்றைத் தலைவலி. அழுகிறாள். பக்கத்தில் இருக்கிற மஞ்சள் புடவைத் தொண்டர்கள் "ஐயனே" என்கிறார்கள், எல்லாரும் "ஐயனே" என்கிறார்கள். என் உதடுகூட அசைந்துவிட்டதோ? இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்பது நாள். இவர் மாத்திரையை அண்டாவில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாரே, அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம். வாளி என்று நினைத்தேன். வாளி இல்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார், முகம் செங்கல் நிறம், "ஒண்ணுமில்ல மங்கை, லேசா சுத்துச்சு" என்கிறார், மங்கையின் 'ங்' வாயில் சரியாக வரவில்லை. பிரஷர் மெஷினைக் கையில் கட்டினால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஈர விரல்களால். என்னால் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஐயனுக்குப் போன் போட்டார், ஆறு தொண்டர்கள் வந்தார்கள், சுற்றி உட்கார்ந்து பாடினார்கள், என் காபியைக் குடித்தார்கள், போனார்கள். சுமை இறங்கும்போது உடம்பு ஆடத்தான் செய்யுமாம். மறுநாள் காலையில் உரலை எடுத்தேன். வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவருக்குத் தெரியாம குடுக்கிறது தப்பும்மா, பேசி ஒத்துக்க வைங்க" என்றார். பேசி! நீங்கள் வந்து பேசுங்கள் டாக்டர், ஒரு நாள் வந்து அந்த மூடிய கண்களிடம் பேசிப் பாருங்கள் என்று வாய்வரை வந்தது. தப்புத்தான், இல்லை என்று யார் சொன்னது. நாலாம் வகுப்பிலிருந்து மாரல் சயின்ஸில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள் நான். தப்பைத் தெரிந்து செய்தேன். முதல் மாதம் அவர் முகத்தில் செங்கல் நிறம் போனது. இரண்டாவது மாதம் மாடிப்படி ஏறினார். நான் சமையலறையில் அழுதேன், சந்தோஷத்தில். அவர் பூஜை அறையில் அழுதார், அவரும் சந்தோஷத்தில், ஐயன் படத்துக்கு முன்னால். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஒரு மனிதனைப் பிழைக்க வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு சாமியை வளர்த்துக்கொண்டிருந்தேன். என் ஒவ்வொரு இடிக்கும் ஐயன் ஒரு அங்குலம் உயர்ந்துகொண்டிருந்தார். நாலாவது மாதத்தில் இவர் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார், லிஃப்டில், பால் பூத்தில், வாக்கிங்கில். ஐந்தாவது மாதத்தில் செண்பகாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கொத்துமல்லிக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. என் வாய்! ஆட்டோக்காரரிலிருந்து நாத்தனார்வரை யாருக்கும் பயப்படாத வாய், அன்றைக்கு ஒரு கொத்துமல்லிக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஒன்பதாவது ஆள் மேடை ஏறுகிறார், தூக்கமின்மை. ஐயன் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். காவி இல்லை, ஜடை இல்லை, வெள்ளை வேட்டி, நீல ஃபிரேம் கண்ணாடி, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி. அந்தத் தலைச் சாய்ப்புத்தான். நீ ஒருத்திதான் இந்த உலகத்தில் பேசுகிறாய் என்பது மாதிரியான சாய்ப்பு. மருந்தை நிறுத்து என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, அதை நான் கவனித்து வைத்திருக்கிறேன். "சுமக்கிறவங்க சுமக்கலாம், இறக்குறவங்க இறக்கலாம்" என்பார். நாளைக்கு ஏதாவது ஆனால் நான் சொல்லவே இல்லையே என்று கை விரிக்கலாம். கெட்டிக்காரர். சரி, நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் முன்னால் இவர் வற்புறுத்தி என்னை அவர் எதிரில் கூட்டிப்போய் நிறுத்தினார். கேட்பதற்குப் பத்துக் கேள்வி வைத்திருந்தேன், நாக்கின் நுனியில். அவர் என்னைப் பார்த்தார், தலையைச் சாய்த்தார், "ரொம்பக் களைச்சுப் போயிருக்கியேம்மா" என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் ஒரு ஆள் என்னிடம் அதைச் சொன்னதில்லை. பத்துக் கேள்வியும் போய்விட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் எந்தப் பெண்ணிடம் சொன்னாலும் பொருந்துகிற வாக்கியம் அது என்று பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஆனாலும் இனிப்பாக இருந்தது. இந்த இனிப்பு எனக்குப் புதிது இல்லை. கான்வென்ட்டில் எட்டாம் வகுப்பில் சிஸ்டர் அனுன்சியாட்டா. மெல்லிய குரலில் அவர் பைபிள் வாசித்தால், சைவப் பிள்ளைமார் வீட்டிலிருந்து திருநீற்றோடு போன நானும் மெழுகுவர்த்தி மாதிரி உருகுவேன். தவக்காலத்தில் மத்தியானச் சாப்பாட்டை விடுகிற பிள்ளைகளைப் பார்த்து சிஸ்டர் லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக நாங்கள் பதினோரு பேர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனோம். நான் ஒருபடி மேலே போய்க் காலையிலும் விட்டேன். பத்தாம் நாள் அசெம்பிளியில் தேசிய கீதத்துக்கு நடுவில் விழுந்தேன். கண் திறந்தால் மேலே சிஸ்டரின் முகம், என் நெற்றியில் அவர் கை. செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றிய நிமிஷம் அது. என் வாழ்க்கையில் அதற்கு இணையாக இன்னொரு நிமிஷத்தைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டும். ஆகவே என் வீட்டுக்காரரைப் பார்த்து நான் சிரிக்க முடியாது. பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் வந்தார், கம்பு மாதிரி ஒல்லி, "ஆண்டவர் கேட்டாரா உன் இட்லியை?" என்று கத்தி, என் வாயில் ரொட்டியைத் திணித்தார். அடுத்த வருஷம் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் அழுதோம், மூன்று வாரத்தில் மறந்தோம். ஒரு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் போதுமாக இருந்தது. இந்த ஐயனுக்கு யார் ட்ரான்ஸ்ஃபர் கொடுப்பது? இவருக்கு மேலே யாரும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சிஸ்டருக்கு மேலே மதர் இருந்தார்.

கைத்தட்டல். பத்தாவது ஆள், சீக்கிரமாகப் பேசுகிறார், ஏன் இவ்வளவு சீக்கிரமாகப் பேசுகிறார், கொஞ்சம் இழுங்களேன் ஐயா. மிருதுளா அம்மாவின் வளையலைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, முன் பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது. இரண்டு வருஷமாக வலிப்பு வரவில்லை. மருந்து கொடுப்பதால் வரவில்லை. இதைச் சொல்ல மேடை எதற்கு, காதில் சொன்னால் போதாதா, அவள் கெட்டிக்காரி, எம்.காம். படித்தவள். குனிந்தேன். "செண்பகா, ஒண்ணு சொல்றேன், சத்தம் போடாதே. அங்கிள் மாத்திரையை நிறுத்தவே இல்ல. நான் தினம் அவருக்குத் தெரியாம கலந்து குடுக்கிறேன். அதனாலதான் குறைஞ்சிருக்கு. நீ பாப்பா மருந்தை அண்டாவுல போட்டுடாதே." சொல்லிவிட்டேன். ஏழு மாதம் நெஞ்சில் கிடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் திடுக்கிடுவாள் என்று பார்த்தால், புன்னகைக்கிறாள். என் கையை எடுத்துத் தடவிக்கொடுக்கிறாள், எனக்குத்தான் ஏதோ வியாதி மாதிரி. "போன வாரமே ஐயன் சொன்னாரு ஆன்ட்டி. இறக்கி வைக்கிற அன்னிக்கு, ரொம்ப வேண்டியவங்க வாயிலேர்ந்தே சந்தேகம் வரும், அதான் கடைசி சோதனைன்னு. நீங்களா இருக்கும்னுதான் நான் நினைக்கல." அடி பாவி. தடுப்பூசி போட்டு வைத்திருக்கிறாரே. உண்மை வந்து கதவைத் தட்டும், திறக்காதே என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், பிறகு எவ்வளவு பலமாகத் தட்டினாலும் அது சோதனைதானே. எத்தனை வீட்டுக் கதவுகளில் இப்படிப் பூட்டுப் போட்டிருக்கிறார். காதில் சொல்வது உதவாது. காதுகள் எல்லாம் அவருடையவை. மேலே போய்ச் சொல்ல வேண்டும், அவர் முகத்துக்கு எதிரில், அவர் வாயிலிருந்து ஏதாவது வந்தால்தான் இவளுக்குக் கேட்கும்.

சொன்னால் என்ன ஆகும். அங்கேதான் வந்து வந்து இடிக்கிறது. சொன்னால் இவர் இனி என் கையால் தண்ணீர் குடிக்க மாட்டார். சாப்பிட மாட்டார், ரசத்தை மோந்து பார்ப்பார், உப்பைக்கூடச் சந்தேகப்படுவார். மாத்திரை நிற்கும். மறுபடி ஒன்பது நாள், மறுபடி குளியலறை. இந்தத் தடவை 'ங்' மட்டும் போகாது. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? இவர் பிழைப்பார். நான் தினமும் ஆறரைக்கு உரலைத் துணி போட்டு மூடி இடிப்பேன், சத்தம் கேட்காமல், சாகிறவரைக்கும், அவரோ நானோ. பிழைப்பார். மிருதுளா? ஒருவேளை வலிப்பு வராமலே போகலாம். வந்தால் ஸ்விம்மிங் பூலில் வரலாம், மாடிப்படியில் வரலாம், மூன்றாவது மாடி. மூன்றாவது மாடி பால்கனியில் கம்பி என் இடுப்புக்குத்தான் வரும். அண்டாவில் இன்சுலின் போடப்போகிறவர்கள் இருப்பார்கள், இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். யார் பெயரும் எனக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நாள் தூங்கினேன். இவள் பெயர் தெரியும். இந்தப் பிள்ளைதான் புது வருஷத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் கலர்ப் பொடியில் கோழி வரைந்தது, மயில் என்று சொன்னது. ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், ஒரு பக்கம் அடுத்த வீட்டுப் பிள்ளை. தராசில் வைத்துப் பார், எது கனம். என்ன அசிங்கமான தராசு, தூக்கிப் போடு. தராசே தப்பு. நான் சொல்லாமல் இவர் பிழைப்பது பிழைப்பே இல்லை. ஒரு மனிதனை அவருக்கே தெரியாமல் காப்பாற்றுவதும் அவரைக் கண்ணை மூட வைப்பதுதான். ஐயன் ஒரு பக்கம் அவர் கண்ணை மூடினார், நான் மறுபக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். நான் என்ன ஒசத்தி. கைத்தட்டல் மறுபடியும். மைக்கில் என் வீட்டுக்காரர் பெயர். "நமக்கெல்லாம் வெளிச்சம் தந்த அருணகிரி ஐயா." செண்பகா நிமிர்ந்து உட்கார்கிறாள். ஒரு மஞ்சள் புடவை என்னை நோக்கி வருகிறது. "அம்மா, நீங்களும் வாங்க. தம்பதியா நின்னு சொல்றதுதான் முறை." முட்டி வலிக்கிறது, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லலாம் என்று நேற்றிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எழுந்துகொண்டேன். முட்டி வலிக்கவே இல்லை.

மேடையில் சாம்பிராணி நெடி. விளக்கு கண்ணில் குத்துகிறது, இவர் மாட்டிய விளக்கு. இவர் ரிப்போர்ட்டை விரித்து வாசிக்கிறார், நூற்றிருபத்தாறு, எண்பத்திரண்டு, குரலில் அந்தப் பழைய ஆபீஸர் கம்பீரம். எவ்வளவு அழகாக நிற்கிறார். இதைத்தான் உடைக்கப்போகிறேன். கூட்டம் தட்டுகிறது, ஐயன் சிரிக்கிறார், தொண்டர் மைக்கை என்னிடம் நீட்டி, "அம்மா ஒரு வார்த்தை" என்கிறாள். வாங்குகிறேன். கனமாக இருக்கிறது. "நான் இவரோட சம்சாரம், மங்கையர்க்கரசி. ரிப்போர்ட் நிஜம். மாத்திரை இல்லாம குறைஞ்சதுங்கறது நிஜம் இல்ல. இவர் மாத்திரை நிறுத்தினது ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் விழுந்துட்டார். பத்தாம் நாளிலேர்ந்து தினம் நான் பொடி பண்ணித் தீர்த்தத்துல கலந்து குடுக்கிறேன். இவருக்குத் தெரியாது. ஏமாத்தினது நான். இவரைப் பார்த்து யாரும் மருந்தை அண்டாவுல போட்டுடாதீங்க. பிள்ளைங்க மருந்தை நிறுத்தவே நிறுத்தாதீங்க." விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பக்கத்தில் காகிதம் மடிகிற சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை, திரும்பினால் பேச முடியாது. ஐயன் தலையைச் சாய்க்கிறார். "அம்மா. அந்த மாத்திரையை உன் கையில எடுத்துக் குடுத்தது யாரு? என் தீர்த்தத்துலதான் போடணும்னு உனக்குத் தோண வச்சது யாரு?" ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை, அப்புறம் புரிந்தது, மண்டபமே வெடித்தது, "ஐயனே!" தட்டுகிறார்கள், அழுகிறார்கள். என்னைத் தின்றுவிட்டார். என் ஏழு மாதத்தை, என் உரலை, என் பொய்யை, என் உண்மையை எல்லாம் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். இறங்கிப் போய்விடு என்கிறது ஒரு மனசு. இரு, இரு மங்கை. அவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொள். மறுக்காதே. சரி என்று சொல், சரி என்றால் என்ன வரும்? "அப்படின்னா ரொம்ப நல்லதுங்க" என்கிறேன், குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. "எனக்குத் தோண வச்சதை இவங்களுக்கும் வாயால சொல்லிடுங்க. மருந்தை விடாமச் சாப்பிடுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. இதோ." மைக்கை அவர் முன்னால் நீட்டுகிறேன். தட்டுகிற கைகள் பாதியில் நிற்கின்றன. அவர் மைக்கைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். இப்போது தலை சாயவில்லை. என் கை நீண்டபடி இருக்கிறது, இறக்க மாட்டேன். ஐயன் கண்களை மூடிக்கொண்டார். எங்கேயோ ஒரு சுவிட்ச் அணைந்து மைக் செத்தது. எந்த சுவிட்ச் எதற்கு என்று தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். ஜால்ரா, பாட்டு.

இறங்கி வருகிறேன். ஒருத்தி "பாவி" என்கிறாள், இன்னொருத்தி என் புடவை பட்டுவிடாமல் காலை இழுத்துக்கொள்கிறாள். வரிசை அண்டாவை நோக்கி நகரத்தான் செய்கிறது. ஒரு பெரியவர் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார், போகிற வழியில் நாற்காலியில் இடித்துக்கொள்கிறார். எல்லாரையும் என்னால் முடியாது. செண்பகா எங்கே? வரிசையில், ஐந்தாவதாக, பாட்டில் கையில். போய் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "நகருங்க ஆன்ட்டி." "நகர மாட்டேன். சோதனைன்னே வச்சுக்கோ. ஒண்ணு மட்டும் சொல்லு, அவர் மைக்கை வாங்கினாரா?" அவள் பாட்டிலை இறுக்கிப் பிடிக்கிறாள். "மருந்தைச் சாப்பிடுங்கன்னு சொல்றதுக்கு என்னடி கஷ்டம் அவருக்கு? ஏன் கண்ணை மூடிக்கிட்டாரு?" பின்னால் நிற்கிறவர்கள் தள்ளுகிறார்கள். அவள் மேடையைப் பார்க்கிறாள், பிரம்பு நாற்காலியை, மூடிய கண்களை, ரொம்ப நேரம் பார்க்கிறாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க" என்கிறாள், உதடு துடிக்கிறது, அழுகிறாள், அழுதுகொண்டே வரிசையை விட்டு விலகுகிறாள். பாட்டிலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறாள். நன்றி சொல்ல மாட்டாள், வேண்டாம், இனி லிஃப்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், திருப்பிக்கொள்ளட்டும், கழுத்து இருக்கும்வரை திருப்பலாம்.

வெளியில் வெயில் அறைகிறது. பார்க்கிங்கில் ஸ்கூட்டர் பக்கத்தில் இவர், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. எப்போது வந்தார், யார் அவரை இறங்கிப்போகச் சொன்னது, அல்லது யாரும் சொல்லாமலே வந்துவிட்டாரா, தெரியவில்லை. ரிப்போர்ட் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருக்கிறது. முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, பார்க்கிறேன். ரிட்டயர் ஆன மறுநாள் சாயங்காலத்து முகம்.

"இன்னிக்குக் காலையிலயுமா?"

"இன்னிக்குக் காலையிலயும்."

ஹெல்மெட் பட்டையைப் போட்டார், கழற்றினார். "ஒரு நாள்கூடக் கசக்கலையே" என்றார், என்னிடம் இல்லை, ஸ்கூட்டரிடம். அப்புறம் என்னைப் பார்த்து, "இனிமே உன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன் மங்கை. சொல்லிட்டேன்."

வலித்தது. எங்கே வலிக்கும் என்று தெரிந்தேதான் போய் நின்றேன், அதனால் நின்றபடியே இருக்க முடிந்தது. "குடிக்க வேண்டாம். உங்க தண்ணியை நீங்களே மொண்டு குடிங்க. நாளைக்கு ஆறரைக்கு மாத்திரை சாப்பாட்டு மேசையில இருக்கும், அட்டையோட, பிரிக்காம. நான் பொடி பண்ண மாட்டேன், ஒளிக்க மாட்டேன், கெஞ்ச மாட்டேன். எதிர்த்த நாற்காலியில உக்காந்திருப்பேன். போடறதுன்னா எனக்கு எதிர்ல போடுங்க. போட மாட்டேன்னாலும் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. தினம் உக்காந்திருப்பேன்."

கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கோபமாக, கண்ணிமைகூட ஆடாமல். எத்தனை மாதம் ஆயிற்று இவர் என்னைக் கோபமாகப் பார்த்து. மண்டபத்திலிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது. "நான் ஏறட்டுமா, இல்ல ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்கிறேன். அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, ஸ்டார்ட் செய்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, கிளம்பாமல் நிற்கிறார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.